பழைய மோட்டாரைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய பொம்மை ரயில்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு விஷயத்துக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதே அபூர்வம். அதற்கு என் நன்றி. ஆனால் அதிலிருந்த இரண்டு யோசனைகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போயிருந்தால் 12 வோல்ட் கார் பேட்டரியையே தண்டவாளத்தில் இணைத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. ஐம்பது அறுபது வருடத்து மோட்டார் சூடேறினால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது, கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்துங்கள் என்பது மற்றொன்று. முதலாவது ஆபத்தானது. இரண்டாவது தவறானது.

ஆபத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் வாதாட எதுவும் இல்லை. பொம்மை ரயிலுக்கு வேண்டியது 12 வோல்ட், கார் பேட்டரியில் இருப்பதும் 12 வோல்ட். கணக்கு அதோடு முடிந்துவிடுவதில்லை. காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றவைக்கப் பிறந்த பேட்டரி அது; ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பொம்மை ரயிலில் ஷார்ட் என்பது எப்போதோ நேர்கிற விபத்தல்ல. சக்கரம் தடம்புரண்டு இரண்டு தண்டவாளங்களையும் ஒருசேரத் தொட்டாலே ஷார்ட்தான். குழந்தைகள் ஓட்டும்போது அது ஓயாமல் நடக்கும். முறையான கன்ட்ரோலரில் கட்-அவுட் உண்டு, உடனே மின்சாரத்தை நிறுத்திவிடும். பேட்டரிக்கு நிறுத்தத் தெரியாது. இணைப்புக் கம்பி பழுக்கும், அதன் மேலுறை உருகும், அதை அவசரமாகப் பிடுங்கப்போகிற கை வெந்துபோகும். ஒரு ஆம்பியரோடு தன்னை நிறுத்திக்கொள்ளும் 12 வோல்ட் டி.சி. சப்ளை ஒன்றை எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயிலோடு பெட்டியில் வந்த 1950களின் ஆங்கிலேய டிரான்ஸ்ஃபார்மரையும் சுவரில் செருக வேண்டாம். அங்கேயும் 50 ஹெர்ட்ஸ், இங்கேயும் 50 ஹெர்ட்ஸ், வோல்டேஜும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே ஓடும் என்று ஆசை காட்டும். உள்ளே வயரின் ரப்பர் உறை காய்ந்து கையில் பொடியாக உதிரும். அது அலமாரியில் அழகாக இருக்கட்டும்.

இனி மோட்டார். இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்காக: நான் திருச்சி பொன்மலைப் பணிமனையில் ஆர்மேச்சர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டபிள்யூ.டி.எம்.-2, ஒய்.டி.எம்.-4 டீசல் என்ஜின்களின் சக்கரங்களைச் சுழற்றும் டிராக்‌ஷன் மோட்டார்கள் பெரிய பழுதுபார்ப்புக்கு வரும்போது, ஆர்மேச்சரின் முனையில் மின்சாரத்தை வாங்கித் திசை மாற்றிக் கொடுக்கும் கம்யூடேட்டரைக் கடைந்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள மைக்காவைக் கீழே அறுத்து, அதை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷின் முகம் பொருந்துகிறதா என்று பார்த்து, மெக்கர் என்ற மீட்டர் வைத்து இன்சுலேஷனைச் சோதித்து அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. ஒரு என்ஜினுக்கு ஆறு மோட்டார்கள். ஒவ்வொன்றையும் கிரேன்தான் தூக்கும். பொம்மை ரயிலின் மோட்டாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனாலும் இரண்டும் டி.சி. மோட்டார்கள், சுழலும் ஆர்மேச்சர், கம்யூடேட்டர், கார்பன் பிரஷ் இரண்டுக்கும் உண்டு. பெரியதைப் படுத்துகிற நோய்களே சின்னதையும் படுத்துகின்றன.

என்னிடம் இருப்பது ட்ரை-ஆங் நிறுவனத்தின் ஆர்.52 என்ற என்ஜின். பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, மூட்டை கட்டியது போக மிஞ்சியதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் பங்குக்கு வந்தது அட்டைப் பெட்டியில் இருந்த இந்தக் கறுப்பு என்ஜினும் மூன்று பெட்டிகளும் வட்டமாக மாட்டுகிற தண்டவாளமும். பக்கவாட்டில் 47606 என்ற எண். இங்கிலாந்தில் எல்.எம்.எஸ். ரயில்வே 1924 முதல் 1931 வரை 422 எண்ணிக்கையில் கட்டிய ஷண்டிங் என்ஜினின் சிறிய உருவம் இது. அங்கே 'ஜின்ட்டி' என்று செல்லமாகச் சொல்வார்கள். ஆறு சக்கரம், இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி, நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து கூட வருவதற்குத் தனி டெண்டர் கிடையாது.

ட்ரை-ஆங்கின் கதையும் சுவையானது. ரோவெக்ஸ் பிளாஸ்டிக்ஸ் என்ற சிறு கம்பெனி 1950 கிறிஸ்துமஸுக்காக மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்கு ஒரு மின்சார ரயில் செட்டைச் செய்து கொடுத்தது. மறு ஆண்டே லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய பொம்மைக் குழுமம் அதை வாங்கி, தன் ட்ரை-ஆங் பெயரைச் சூட்டியது. 1954இல் கென்ட் கடற்கரையில் மார்கேட் என்ற ஊரில் தொழிற்சாலை வந்தது. லிவர்பூலில் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் உலோகத்தில் வார்த்து, கூடுதல் விலைக்கு விற்றுக்கொண்டிருந்த ஹார்ன்பி டப்ளோவுக்கு இந்த மலிவான பிளாஸ்டிக் ரயில் பெரும் போட்டியானது. 1964இல் ஹார்ன்பியின் தாய்க் கம்பெனியான மெக்கானோவையே லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கிவிட்டது. பணக்காரப் பிள்ளைகளின் ரயிலைச் சாதாரணப் பிள்ளைகளின் ரயில் விழுங்கிய கதை என்பேன். அந்த லைன்ஸ் பிரதர்ஸும் 1971இல் நொடித்துப்போனது வேறு விஷயம்.

இந்த ரயில்களின் அளவையே மோட்டார்தான் முடிவு செய்தது என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். ஐரோப்பாவில் பொம்மை ரயிலின் அளவு 1:87. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். ஆங்கிலேய என்ஜின்கள் அசலிலேயே உடல் சிறுத்தவை. அவற்றை 1:87க்குச் சுருக்கினால் அன்றைய மோட்டார் உள்ளே நுழையாது. அதனால் உடலை மட்டும் 1:76க்குப் பெரிதாக்கிக்கொண்டு, தண்டவாளத்தை அப்படியே 16.5 மில்லிமீட்டரில் விட்டுவிட்டார்கள். கணக்குப்படி அது 18.83 ஆக இருந்திருக்க வேண்டும். ஆகவே ஆங்கிலேய மாதிரி ரயில் எதைப் பார்த்தாலும் உடம்பு அகலமாகவும் கால்கள் நெருங்கியும் இருக்கும். மோட்டார் சிறுத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது; பழைய பருமனான மோட்டாருக்காகச் செய்த சமரசம் இன்னும் கடைகளில் விற்றுக்கொண்டிருக்கிறது.

ஜின்ட்டிக்குள் இருப்பது எக்ஸ்.04 என்று பெயரிடப்பட்ட மோட்டார். ட்ரை-ஆங், பிறகு ஹார்ன்பி என்று பல பத்தாண்டுகள் ஓடிய அமைப்பு. மூடியில்லாத மோட்டார் அது. உள்ளே நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒரு காந்தக் கட்டி. அந்தத் தகடுகளின் வாய்க்குள் மூன்று துருவ ஆர்மேச்சர். அதன் ஒரு முனையில் மூன்று செம்புத் துண்டுகளாலான கம்யூடேட்டர், மறுமுனையில் சக்கர அச்சைச் சுழற்றும் வோர்ம் கியர். இரண்டு கார்பன் பிரஷ்களையும் ஒரே கம்பி ஸ்பிரிங்கின் இரு கைகள் அழுத்திப் பிடிக்கின்றன. ஒரு கை மோட்டாரின் உலோக உடலோடு தொடர்பில் இருக்கும்; மற்றதன் மீது மின்சாரம் கடத்தாத மெல்லிய குழாய் உறை போட்டிருக்கும். இவ்வளவுதான். ஒரு திருப்புளியும் சிறு இடுக்கியும் இருந்தால் மேசை மீது முழுவதையும் பிரித்துப் பரப்பிவிடலாம். இன்றைய மோட்டார்களைத் தகரக் குப்பிக்குள் வைத்து மடித்து மூடிவிடுகிறார்கள், கெட்டால் குப்பைதான். திறக்க முடிகிற பொருளை, திறந்தே பார்க்காமல் எறியச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கட்டுரையாளர் தன் என்ஜினைப் பற்றி எழுதியிருக்கும் அறிகுறிகளை மீண்டும் படித்துப் பாருங்கள். வெறும் என்ஜின் மட்டும் ஓடினால் அசுர வேகம். இரண்டு பெட்டி மாட்டினால் திணறல். சிறிது நேரத்தில் கை வைக்க முடியாத சூடு, லேசான கருகல் வாடை. சாகப்போகும் மோட்டார் எப்படி அசுர வேகத்தில் ஓடும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. இது காந்தம் சோர்ந்துபோன மோட்டாரின் அச்சடித்த அடையாளம்.

டி.சி. மோட்டார் சுழலும்போது, கொடுக்கும் மின்சாரத்துக்கு எதிராகத் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும். அதுதான் அதற்குக் கடிவாளம். காந்தப்புலம் வலுவாக இருந்தால் கொஞ்சம் சுற்றினாலே கடிவாளம் இறுகிவிடும். வேகமும் மட்டுப்படும், மின்னோட்டமும் குறையும். புலம் பலவீனமானால் அதே எதிர்ப்பைக் காட்ட ஆர்மேச்சர் இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். அதனால்தான் சுமை இல்லாதபோது அந்த வேகம். ஆனால் இழுவிசை, புலமும் மின்னோட்டமும் சேர்ந்து தருவது. புலம் பாதியானால் அதே பெட்டிகளை இழுக்க இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும். கம்பிச் சுருளில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்ப ஏறும். இரண்டு மடங்கு மின்னோட்டத்துக்கு நான்கு மடங்கு சூடு. கருகல் வாடை வராமல் என்ன செய்யும்?

டீசல் என்ஜினில் இதையே நாங்கள் வேண்டுமென்று செய்வோம். வண்டி வேகம் பிடித்த பிறகு மேலும் வேகம் வேண்டுமென்றால், காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்ட் சுருளில் போகும் மின்னோட்டத்தில் ஒரு பங்கைப் பக்க வழியில் திருப்பிவிட்டுப் புலத்தைக் குறைப்பது வழக்கம். ஃபீல்ட் ஷண்ட் என்பார்கள். வண்டி புறப்படும்போது அந்த வேலையைச் செய்யமாட்டார்கள். அப்போது வேண்டியது இழுவிசை. சோர்ந்த காந்தத்தோடு ஓடும் பொம்மை என்ஜின், நாள் முழுவதும் ஃபீல்ட் ஷண்டிலேயே புறப்படுகிறது.

ஏன் சோர்ந்தது? அந்தக் காலத்துக் காந்தம் ஆல்னிகோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு சேர்ந்த கலவை. சூட்டை வெகுவாகத் தாங்கும். ஆனால் தன் காந்தத்தன்மையை விடாப்பிடியாகக் காத்துக்கொள்ளும் குணம் அதற்குக் குறைவு. இரும்புத் தகடுகளின் நடுவே, ஆர்மேச்சரும் கூட இருக்கும்வரை புலத்துக்குச் சுற்றிவர வழி உண்டு. துடைக்கிறேன் என்று யாரோ ஆர்மேச்சரை உருவி மேசையில் வைத்தாலோ, காந்தத்தையே தனியே எடுத்தாலோ அதன் வலுவில் ஒரு பகுதி போய்விடும், திரும்பி வராது. பழைய மோட்டார்களில் பாதிக்கு மேல் இப்படி நல்லெண்ணத்தோடு துடைக்கப்பட்டவை என்பது என் சந்தேகம்.

ஆனால் காந்தத்தில் கை வைக்கும் முன்பு மற்றவற்றைச் சரிசெய்ய வேண்டும். வேலையின் வரிசை முக்கியம். அதைவிட முக்கியம் மீட்டர். ஆம்பியர் மீட்டர் இல்லாமல் மோட்டாரைப் பற்றிக் கருத்துச் சொல்பவர்களை எங்கள் ஷாப்பில் மதிக்கமாட்டோம். என்ஜினைத் தலைகீழாகத் தாங்கி வைத்து, 12 வோல்ட் கொடுத்து, சக்கரம் காற்றில் சுற்றும்போது எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் மறுபடி அளந்து எழுதுங்கள். என்னுடைய ஜின்ட்டி ஆரம்பத்தில் அரை ஆம்பியருக்கு மேல் குடித்தது.

முதல் எதிரி, கெட்டிப்பட்ட எண்ணெய். யாரோ ஒரு காலத்தில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், வாசனையே சொன்னது. பேரிங்கிலும் கியரிலும் பிசின் மாதிரி இறுகியிருந்த அதைக் கரைத்துத் துடைத்ததிலேயே மீட்டரின் முள் கணிசமாக இறங்கியது. பேரிங்குக்கு எண்ணெய் ஊட்டச் சிறு கம்பளித் திண்டு வைத்திருப்பார்கள். அதில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு வேண்டாம். மிஞ்சிய எண்ணெய் கம்யூடேட்டருக்குத்தான் போகும். அங்கே கார்பன் தூளோடு குழைந்து மையாகி, செம்புத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அடைத்து, மின்சாரத்துக்குக் குறுக்கு வழி போட்டுக் கொடுக்கும்.

அந்த இடைவெளியைச் சுத்தம் செய்ய ஈர்க்குச்சியை விடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை. செம்பைக் கீறாது, இடுக்கில் சரியாக நுழையும், காசும் இல்லை. உப்புத்தாளைத் தொடாதீர்கள், அதன் மணல் செம்பில் பதிந்துகொண்டு பிரஷ்ஷை அரைத்துத் தள்ளும். கம்யூடேட்டரின் மேல் மெல்லிய பழுப்புப் படலம் இருந்தால் அது அழுக்கல்ல, நல்ல ஆரோக்கியம். தேய்த்துப் பளபளப்பாக்கித்தான் தீருவேன் என்று நிற்பவர்களை எங்கள் ஃபோர்மேன் விரட்டுவார். பின்பு மூன்று துண்டுகளுக்கும் இடையே இரண்டிரண்டாக மின்தடையை அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஒன்றாக இருந்தால் சுருள்கள் நலம். ஒன்று மட்டும் விலகி நின்றால் ஒரு சுருள் அறுந்திருக்கிறது அல்லது உள்ளுக்குள் ஷார்ட். அப்போதும் எறிய வேண்டியதில்லை, திரும்பச் சுற்றலாம். மெல்லிய எனாமல் கம்பியும் நல்ல கண்ணும் பொறுமையும் வேண்டும்.

ஸ்பிரிங்கின் மேலுள்ள உறையையும் பாருங்கள். அந்தச் சிறு உறை காய்ந்து விழுந்துவிட்டால் இரண்டு பிரஷ்களும் ஸ்பிரிங் வழியே நேராக இணைந்துவிடும். மோட்டாருக்கு மின்சாரமே போகாது, எல்லாம் ஷார்ட்டில் போய்விடும். இந்நகரில் ஒரு பழுதுபார்க்கும் கடையில், மோட்டார் எரிந்துவிட்டது என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். போயிருந்தது அந்த உறை. மெல்லிய வயரிலிருந்து உரித்த பிளாஸ்டிக்கை அளவாக வெட்டிச் செருகினேன். செலவு ஒன்றுமில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகும் மீட்டரின் முள் உயரத்திலேயே நின்றால், குற்றவாளி காந்தம். இங்கேதான் உண்மையான மேம்பாடு வருகிறது. ஆல்னிகோவுக்குப் பதிலாக நியோடிமியம் காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் சுமிட்டோமோவின் மசாட்டோ சாகவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டுபிடித்த பொருள் இது. 1984க்குள் இரு தரப்பும் வெளியிட்டுவிட்டன. ட்ரை-ஆங் பொறியாளர்கள் இந்த மோட்டாரை வரைந்த காலத்தில் இப்படியொன்று உலகில் இல்லை. இன்று விரல் நகமளவு துண்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன.

பழைய கட்டியை எடுத்துவிட்டு, அதே இடத்தை நிரப்பும்படி சிறு நியோடிமியம் துண்டுகளை அடுக்க வேண்டும். புலம் ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்குக் குறுக்கே போக வேண்டும் என்பதால், துண்டுகளின் துருவ முகங்கள் தகடுகளைப் பார்த்து இருக்க வேண்டும். இரும்புத் திருப்புளியை அருகில் கொண்டு போகாதீர்கள். வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், காந்தம் மோதிச் சிதறும். மரக் குச்சியால் தள்ளுங்கள். மேசையில் இரும்புத் தூள் இருக்கவே கூடாது. எடுத்த ஆல்னிகோவின் இரு துருவங்களையும் ஓர் இரும்புத் துண்டால் இணைத்து, உறையில் போட்டு எழுதி வையுங்கள்.

இடம் இருக்கிறதே என்று முழுக்க நியோடிமியத்தால் நிரப்பிவிடவும் கூடாது. புலம் அளவுக்கு மீறினால் மூன்று துருவ ஆர்மேச்சர் ஒவ்வொரு துருவத்துக்கும் எதிரே பிடிவாதமாக நின்றுகொள்ளும். கையால் சுற்றினால் விட்டு விட்டுத் துள்ளும். என்ஜின் மெல்லப் புறப்படாமல், முரண்டு பிடித்து நின்ற காளை சாட்டையடி பட்டுப் பாய்வதைப் போலக் கிளம்பும். ஷண்டிங் என்ஜினுக்கு அது அழகல்ல. காந்தத் துண்டு ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் சாதாரண இரும்புத் துண்டை வைத்துப் பாருங்கள். மென்மையாகப் புறப்படும் இடம் எதுவென்று கைக்குத் தெரியும். என் ஜின்ட்டி இப்போது ஆரம்ப மின்னோட்டத்தில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கிறது. உச்ச வேகம் குறைந்துவிட்டது. பார்ப்பவர்கள் சிலர் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். அசல் ஜின்ட்டி சரக்குப் பெட்டிகளை யார்டில் தள்ளிக்கொண்டு திரிந்த என்ஜின், எக்ஸ்பிரஸ் அல்ல.

இன்னொன்று: காந்தத்தைத் திருப்பி வைத்துவிட்டால் என்ஜின் பின்னோக்கி ஓடும். என்ஜின் போகும் திசையில் பார்த்தால் வலப்பக்கத் தண்டவாளம் பாசிட்டிவ் ஆக இருக்கும்போது முன்னோக்கிப் போக வேண்டும் என்பது பொது வழக்கம். ஒரே ஒரு என்ஜின் வைத்திருப்பவருக்கு இது பொருட்டல்ல. இரண்டு என்ஜின்களை ஒரே தண்டவாளத்தில் விடுபவர்களுக்குத் தலைவலி.

மின்சாரம் வாங்கும் தகடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த என்ஜினில் ஒரு பக்கச் சக்கரங்கள் அச்சின் வழியே அடிச்சட்டமான சேசிஸோடு தொடர்பு கொண்டவை. மறுபக்கத்தவை பிளாஸ்டிக்கால் தனிமைப்படுத்தப்பட்டு, அவற்றின் முதுகை ஒரு மெல்லிய உலோகத் தகடு உரசி மின்சாரம் வாங்கும். தகடு தேய்ந்திருந்தால் என்ஜின் தயங்கித் தயங்கி ஓடும். அதற்கும் பலர் மோட்டாரையே திட்டுகிறார்கள். பழைய ரிலேக்களிலிருக்கும் பாஸ்பர் பிரான்ஸ் இதழை வெட்டி, அந்தப் பக்கச் சக்கரம் மூன்றையும் தொடுமாறு பற்றவைத்தால் தயக்கம் போய்விடும். அழுத்தம் லேசாக இருக்கட்டும், பிரேக் ஆகிவிடக் கூடாது.

புது மோட்டாரே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில பழைய என்ஜின்களின் சேசிஸ் துத்தநாகக் கலவையில் வார்த்தது. வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால் ஆண்டுகள் போகப்போகத் தானே வீங்கி, வெடித்து, மாவாகிவிடும். அதை எந்தக் காந்தமும் காப்பாற்றாது. புது சேசிஸ், புது மோட்டார், ஓட்டத்தைச் சீராக்கும் பித்தளை ஃபிளைவீல் என்று போக வேண்டியதுதான். மாதிரி ரயில்காரர்கள் கொண்டாடிய ஜப்பானிய மஷிமா மோட்டார்களின் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது கிடைக்கும் மலிவான மோட்டார்கள் பலவும் குறைந்த வோல்ட்டில் அதிவேகமாகச் சுழல்பவை. 12 வோல்ட்டில் மாட்டினால் சீக்கிரம் கருகும். தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் டிகோடர் சில்லைப் பொருத்த விரும்புபவர்கள், எக்ஸ்.04இன் ஒரு பிரஷ் மோட்டார் உடலோடு தொடர்பில் இருப்பதை மறக்க வேண்டாம். அதைப் பிரித்துத் தனிமைப்படுத்தாமல் சில்லை இணைத்தால் அது அந்த நொடியே எரிந்துபோகும். பழைய காந்தத்தோடு மின்னோட்டத்தை அள்ளிக் குடிக்கும் மோட்டாருக்குச் சிறிய சில்லு தாங்கவும் தாங்காது.

புதன்கிழமை இதே பகுதியில் எழுதியிருந்த வாசகர் ஒருவர், பழைய பொம்மைகளைத் தொடவே கூடாது, தொட்டால் விலை போய்விடும் என்று எச்சரித்திருந்தார். பெட்டியோடு கலையாமல் இருக்கும் அரிய ஹார்ன்பி டப்ளோவுக்கு அவர் சொல்வது பொருந்தும். என் ஜின்ட்டி ஆயிரக்கணக்கில் விற்ற சாதாரண வகை. அதன் மேல் மூன்று பிள்ளைகள் வளர்ந்த கீறல்கள் இருக்கின்றன. அதை ஓட்டாமல் வைத்து யாருக்கு விற்கப்போகிறேன்? தவிர, நான் சொன்ன வேலைகளில் ஒன்றுகூடத் திரும்பப் பெற முடியாததல்ல. பழைய காந்தம் உறையில் இருக்கிறது. வேண்டுமென்பவர் திரும்ப வைத்துக்கொள்ளலாம், முன்போலவே சூடேறும்.

எங்கள் பொன்மலையிலேயே இதற்குப் பெரிய சான்று உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் 1914 முதல் கட்டப்பட்டவை. நான்கு சிலிண்டர்கள், இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவு அது. நிலக்கரி எரித்து ஓடிய அந்த வகையை எண்ணெய் எரிப்புக்கு மாற்றினார்கள். 2010களில் எண்ணெயில் ஓடும் புது என்ஜின்களைப் பொன்மலையிலேயே கட்டினார்கள். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை அது. நெருப்பின் தீனியை மாற்றினார்கள். பல்சக்கரத்தையும் நான்கு சிலிண்டரையும் அந்த நீராவி மூச்சையும் மாற்றவில்லை. உள்ளே டீசல் எந்திரத்தை வைத்து மேலே புகைபோக்கியை மட்டும் நட்டிருந்தால் வேலை சுலபம்தான். அப்படிச் செய்யாதவர்களிடம் நான் தொழில் கற்றேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

உங்களிடம் கேட்பது இதுதான். கார் பேட்டரி யோசனைக்கு வரும் ஞாயிறு இணைப்பிலேயே, சிறிய எழுத்தில் மூலையில் அல்ல, கண்ணில் படும் இடத்தில் திருத்தம் வெளியிடுங்கள். என் கடிதத்தை வெளியிட்டால் அதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நியோடிமியம் துண்டுகளைச் சிறு குழந்தைகளுக்கு எட்டும்படி வைக்கக் கூடாது. இரண்டு துண்டுகளை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு அப்பாலும் இப்பாலும் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவிலுள்ள சதையை நசுக்கித் துளைத்துவிடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், வாந்தியெடுக்க வைத்துப் பார்ப்போம் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.

ஓடாத எக்ஸ்.04 வைத்திருக்கும் வாசகர்கள் உங்கள் அலுவலகம் மூலம் எனக்கு எழுதலாம். கூலி வாங்குவதில்லை, தபால் செலவு அவர்களுடையது. அனுப்பும்போது மோட்டாரைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மேச்சர் பிரிவுத் தொழிலாளி,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.